டெக்சாஸில் காற்றாலை, வாஷிங்டனில் வசவு

அமெரிக்காவில் காற்றாலை மின்சாரம் அதிகம் தயாராவது எந்த மாநிலத்தில் என்று கேட்டால், கலிஃபோர்னியா என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது டெக்சாஸ். நாட்டின் மொத்தக் காற்றாலை மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்து வருகிறது. எண்ணெய்க் கிணறுகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் பேர் போன மாநிலம் அது. 1994க்குப் பிறகு மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் எந்தப் பதவிக்கும் அங்கே ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர்கூட ஜெயித்ததில்லை. இன்னொரு பக்கம் அயோவா, தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்தே எடுக்கிறது. அதுவும் இன்று குடியரசுக் கட்சியின் கோட்டைதான்.

அந்தக் கட்சியின் தலைவர் டொனால்ட் டிரம்ப், காற்றாலைச் சத்தத்தால் புற்றுநோய் வருமாம் என்று 2019 ஏப்ரலில் மேடையில் பேசினார். 2025 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நின்று, காலநிலை மாற்றம் என்பதே உலகத்தை ஏமாற்றச் செய்த மிகப் பெரிய மோசடி என்றார். வோட்டுப் போடுகிற ஊர்களில் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்கிறது. வோட்டு வாங்கியவர் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

இதற்குச் சட்டென்று கைக்குக் கிடைக்கிற விளக்கம் ஒன்று உண்டு: அமெரிக்கர்களில் பாதிப் பேருக்கு அறிவியல் பிடிக்காது, படித்தவர்களைக் கண்டால் எரிச்சல், அது அந்த நாட்டின் பழைய வியாதி. ஆதாரமும் இல்லாமல் இல்லை. 1925ல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில், பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். 1952 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சனை ‘முட்டைத் தலையர்’, அதாவது படித்துப் படித்து மண்டை பெருத்தவர், என்று கேலி செய்தே ஓரங்கட்டினார்கள். ‘படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்’ என்ற நம் பழமொழி கடல் தாண்டிப் போயிருந்தால், அங்கே ஏதாவது ஒரு பிரசாரத் தொப்பியில் அச்சாகியிருக்கும்.

ஆனால் இந்த விளக்கத்தோடு நின்றுவிடுவது சோம்பேறித்தனம். இதே நாட்டில்தான் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1862ல், விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு அரசு நிலம் கொடுக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டார். 1914ல் வந்த இன்னொரு சட்டம், அந்தக் கல்லூரிகளின் நிபுணர்களை மாவட்டம் மாவட்டமாக விவசாயிகளிடம் அனுப்பியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்க விவசாயி பேராசிரியரின் பேச்சைக் கேட்டு விதை மாற்றியிருக்கிறார், உரம் மாற்றியிருக்கிறார். மண்ணைப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிற நிபுணர் மீது அவருக்குக் கோபம் இருந்ததில்லை.

அப்படியானால் இன்றைய கோபம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி காசு செலவழித்து வளர்க்கப்பட்டது என்பதே என் கணிப்பு. அது வளர இடம் கொடுத்தது ஏற்றத்தாழ்வு. இதைப் புரிந்துகொள்ள டெக்சாஸில் 1990களில் நடந்த ஒரு சங்கதியிலிருந்து தொடங்குவது நல்லது. அமெரிக்காவிலேயே இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை.

அப்போது அந்த மாநிலத்தின் மின் நிறுவனங்கள் எதிர்காலத் தேவைக்குத் திட்டம் போடும்போது வாடிக்கையாளர்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதி வைத்தது. எப்படிக் கேட்பது? தொலைபேசியில் கருத்துக்கணிப்பு எடுத்தால், யோசித்தே பார்க்காத விஷயத்தைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். பொதுக்கூட்டம் போட்டால் நிறுவனத்தின் ஆட்களும் சங்கங்களின் ஆட்களும் மட்டுமே வந்து மைக்கைப் பிடிப்பார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அரசியல் அறிவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபிஷ்கின் அப்போது மூன்றாவது வழி ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். குலுக்கல் முறையில் சாதாரண வாடிக்கையாளர்களைத் தேர்ந்தெடுப்பது. எதிரெதிர்த் தரப்புகள் எல்லாம் சரிபார்த்த விளக்கக் குறிப்புகளை முன்கூட்டியே அனுப்புவது. ஒரு வார இறுதியில் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டிச் சிறு குழுக்களாகப் பேசவிடுவது. அவர்களுக்கு எழும் கேள்விகளுக்கு நிபுணர்களைப் பதில் சொல்ல வைப்பது. கடைசியில் மறுபடியும் கருத்துக் கேட்பது.

1996க்கும் 1998க்கும் இடையே மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் எட்டு முறை இப்படிக் கூடினார்கள். வந்தவர்கள் யாரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அல்ல, மாதாமாதம் கரண்ட் பில் கட்டுகிறவர்கள். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாகப் பணம் தரத் தயாரா என்று கேட்டபோது, பேச்சுக்கு முன் சம்மதித்தவர்கள் 52 சதவீதம். பேசி முடித்த பிறகு 84 சதவீதம். ஆணையத்தின் உறுப்பினர்களும் அந்த அறைகளில் உட்கார்ந்து இதைக் கேட்டார்கள். 1999ல் மாநில ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட மின்துறைச் சட்டத்தில், பத்தாண்டுகளுக்குள் 2,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் கூடுதலாக வர வேண்டும் என்ற இலக்கு இடம்பெற்றது. கெடுவுக்கு வெகு முன்பே அதை எட்டிவிட்டார்கள்.

அந்தக் கூட்டங்களில் காலநிலை அறிவியலை நம்புகிறாயா இல்லையா என்று யாரிடமும் சத்தியம் வாங்கவில்லை. விலை என்ன, புகை எவ்வளவு, காற்று நின்றால் என்ன செய்வது என்றுதான் பேசினார்கள். நிபுணர் பதில் சொல்ல வேண்டியவராக உட்கார்ந்திருந்தார், முடிவு மற்றவர்கள் கையில் இருந்தது. இந்த ஏற்பாட்டில் படித்தவர் வெறுப்புக்கு வேலையே இல்லாமல் போனது.

அப்புறம் நடந்ததெல்லாம் பணக் கணக்கு. மேற்கு டெக்சாஸில் ராஸ்கோ என்ற சின்ன ஊர், மழை பொய்த்தால் பருத்தியும் பொய்க்கும் பூமி. விவசாயிகள் தங்கள் நிலத்தைக் காற்றாலைக்குக் குத்தகைக்கு விட்டார்கள். 2009ல் வேலை முடிந்தபோது 781.5 மெகாவாட்டோடு அதுதான் உலகின் மிகப் பெரிய தரைக் காற்றாலைப் பண்ணை. காற்று மேற்கே, ஊர்கள் கிழக்கே. நடுவில் கம்பி இல்லை. 2005ல் மாநில அரசு சட்டம் போட்டு, ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவில் 5,800 கிலோமீட்டர் உயர் அழுத்த மின்தடங்களை இழுக்க வைத்தது. செலவை மாநிலத்தின் மின் பயனாளிகள் எல்லோர் தலையிலும் பகிர்ந்தார்கள். பொதுத்துறை, திட்டமிடல் என்ற சொற்களைக் கேட்டாலே சீறுகிற மாநிலம் செய்த காரியம் இது. அப்போதைய ஆளுநர் ரிக் பெரிதான் பிறகு 2011ல், அதிபர் வேட்பாளர் விவாதத்தில், தான் மூடப்போகும் மூன்று துறைகளில் மூன்றாவதன் பெயரை மறந்து விழித்தார். மறந்தது எரிசக்தித் துறை. 2017ல் டிரம்ப் அவரை அதே துறைக்கு அமைச்சராக்கினார்.

காற்றாலை விஷயத்தில் இப்படி நடைமுறையாக யோசித்த கட்சி, வசவுக்கு மாறியது எப்போது? தேதி கிட்டத்தட்டத் தெரியும்: 2008க்கும் 2010க்கும் இடையே. 2008ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், கரியமில வாயுவுக்கு உச்சவரம்பு வைக்கும் திட்டத்தைத் தன் வாக்குறுதியாகவே சொன்னார். அதே ஆண்டு, அக்கட்சியின் முன்னாள் அவைத் தலைவர் நியூட் கிங்ரிச்சும் ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, காலநிலைப் பிரச்சினையில் நடவடிக்கை வேண்டும் என்று விளம்பரத்தில் பேசினார்கள். இன்று அந்தக் காட்சியைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

ஆனால் வசவுக்கு மாறிய அந்த மாற்றத்துக்கான அடித்தளம் 2008க்கு வெகு முன்பே போடப்பட்டுவிட்டது. எக்சான் நிறுவனத்தின் மூத்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பதால் பூமி சூடாகும் என்று 1977லேயே தன் மேலாளர்களிடம் விளக்கினார். அந்நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அன்று போட்ட கணிப்புகளில் பெரும்பாலானவை பின்னால் நடந்ததோடு பொருந்தின என்று 2023ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, நிபுணர்களை மிக நன்றாக நம்பியவர்கள் எண்ணெய் நிறுவனத்துக்காரர்கள்தான். வெளியே அவர்கள் வேறு பாட்டுப் பாடினார்கள். வழியைக் காட்டியது சிகரெட் தொழில்: சந்தேகம்தான் நாம் விற்கும் சரக்கு என்று 1969ல் ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு எழுதி வைத்திருந்தது. 1998ல் அமெரிக்கப் பெட்ரோலியச் சங்கம் கூட்டிய குழு தயாரித்த திட்டத்தில், காலநிலை அறிவியலில் நிச்சயமின்மை இருக்கிறது என்று சாதாரணக் குடிமக்கள் ‘புரிந்துகொள்ளும்போது’ வெற்றி கிடைக்கும் என்றே எழுதியிருந்தது.

இதற்கு நிறுவன பலம் வேண்டும், அது 1970களிலிருந்து கட்டப்பட்டது. லூயிஸ் பவல் என்ற கம்பெனி வழக்கறிஞர் 1971 ஆகஸ்டில் அமெரிக்க வர்த்தக சபைக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். பல்கலைக்கழகம், பத்திரிகை, நீதிமன்றம் எல்லாவற்றிலும் முதலாளிகள் திட்டமிட்டுச் செல்வாக்கைப் பெருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சில மாதங்களில் நிக்சன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கினார். ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், கேட்டோ போன்ற சிந்தனைக் கூடங்கள் அந்தப் பத்தாண்டில் பிறந்தவை. பேராசிரியருக்கு எதிராகக் கூலிக்கு ஒரு பேராசிரியரை நிறுத்த இவை வழி செய்தன. அறிவுக்கு எதிரான இயக்கம் என்று சொல்கிறோம், ஆனால் அதை நடத்தியவர்கள் ஏராளமாகப் படித்தவர்கள். ‘பேராசிரியர்கள்தான் எதிரி’ என்று 2021ல் மேடையில் முழங்கி, பிறகு டிரம்ப்பின் துணை அதிபரான ஜே.டி. வான்ஸ் யேல் சட்டக் கல்லூரிப் பட்டதாரி. அதே கட்சியின் முன்னணித் தலைவர் ரான் டிசாண்டிஸ் யேலும் ஹார்வர்டும் படித்தவர். இன்னொரு தலைவர் டெட் குரூஸ் பிரின்ஸ்டனும் ஹார்வர்டும். டிரம்ப்பே வார்ட்டன் வணிகக் கல்லூரியில் படித்ததைச் சொல்லி அலுப்பதில்லை.

2008ல் எண்ணெய்த் தொழில் கோடீஸ்வரர்களான கோக் சகோதரர்களின் பண ஆதரவு பெற்ற ‘அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி’ அமைப்பு, காலநிலையின் பெயரில் எந்த வரியையும் ஆதரிக்க மாட்டேன் என்ற உறுதிமொழித் தாளை நீட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான அரசியல்வாதிகள் அதில் கையெழுத்திட்டார்கள். 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற தீர்ப்பில், தேர்தல் பிரசாரத்துக்கு நிறுவனங்கள் சுயேச்சையாக வரம்பின்றிச் செலவழிக்கலாம் என்றது. அதே ஆண்டு தென் கரோலினாவில் பாப் இங்கிலிஸ் என்ற குடியரசுக் கட்சி எம்.பி. கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலிலேயே படுதோல்வி அடைந்தார். கருக்கலைப்பு, துப்பாக்கி, வரி எல்லாவற்றிலும் கட்சிக் கொள்கைக்குள் நின்றவர் அவர். புவி வெப்பமாவது உண்மை, அதற்கு வரி போடலாம் என்று சொன்னது முக்கியமான குற்றம். மற்ற எம்.பி.க்களுக்கு அந்த ஒரு தோல்வி போதுமான பாடமாக இருந்தது. 2014 வாக்கில் ‘நான் விஞ்ஞானி இல்லை’ என்பது அக்கட்சித் தலைவர்களின் வழக்கமான பதில். 2015 பிப்ரவரியில் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், வெளியே பனி பெய்கிறது பாருங்கள் என்று ஒரு பனி உருண்டையை அவைக்குள்ளேயே கொண்டுவந்து எறிந்தார்.

சரி, காசு கொடுத்துப் பரப்பினார்கள். மக்கள் ஏன் நம்பினார்கள்? இங்கேதான் ஏற்றத்தாழ்வு உள்ளே வருகிறது. இந்தப் பகுதியை இடதுசாரி அமெரிக்கர்கள் அவசர அவசரமாகக் கடந்துபோகிறார்கள் என்பது என் குறை.

மேற்கு வர்ஜீனியாவை எடுத்துக்கொள்ளலாம். நிலக்கரி மாநிலம். சுரங்கத் தொழிற்சங்கம் வலுவாக இருந்த காலத்தில் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது. 1950களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார், உச்ச வருமான வரி 91 சதவீதம். 1988ல் அந்த வரி 28 சதவீதமாகச் சரிந்தது, இப்போது 37. சங்கத்தில் இருப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நாட்டின் செல்வத்தில் சுமார் 30 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருக்கிறது, கீழ்ப்பாதி மக்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டரை சதவீதம்.

இந்தச் சரிவு நடந்த காலம் முழுவதும் நிபுணர்கள் வந்து நல்வார்த்தை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சீனாவோடு வர்த்தகத்தைத் திறந்தால் எல்லோருக்கும் லாபம் என்றார்கள் பொருளாதார அறிஞர்கள். சீன இறக்குமதியால் 20 லட்சம் வேலைகள் போயின என்று பின்னால் கணக்குப் போட்டவர்களும் அவர்களே. 1996ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி நிவாரணி சந்தைக்கு வந்தபோது, அதற்கு அடிமையாகும் ஆபத்து குறைவு என்று தயாரித்த நிறுவனம் பரப்பியது, மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் 2007ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மருந்துக்கு அனுமதி தருவதை மேற்பார்த்த அரசு அதிகாரி பிறகு அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மாத்திரை வெள்ளம் ஆக்ஸிகான்டினோடு நிற்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 400 பேர் வாழும் கெர்மிட் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடைக்கு மட்டும் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 90 லட்சம் ஹைட்ரோகோடோன் என்ற வலி மாத்திரைகள் போய்ச் சேர்ந்தன. இப்படிப்பட்ட ஊரில் போய் ‘அறிவியலை நம்புங்கள்’ என்று பதாகை பிடித்தால் என்ன பதில் வரும்?

அதோடு, 2016 தேர்தலின்போது ஹிலாரி கிளின்டன், நிறைய நிலக்கரித் தொழிலாளர்களையும் கம்பெனிகளையும் தொழிலைவிட்டு வெளியேற்றப்போகிறோம் என்று சொல்லிவிட்டார். அவர் அந்தப் பகுதிகளுக்குப் புது எரிசக்தி வேலைகளைக் கொண்டுவருவது பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் முதல் பாதி மட்டும் ஊர் ஊராக ஓடியது. டிரம்ப் நிலக்கரி வேலைகள் திரும்பும் என்றார். திரும்பவில்லை, இன்று நாடு முழுவதும் நிலக்கரிச் சுரங்க வேலைகள் சுமார் 40,000தான். மலிவான இயற்கை எரிவாயுவும் இயந்திரங்களும் சேர்ந்து அதை முடித்துவிட்டன. கென்டக்கியில் பென்ஹாம் ஊரில் இருக்கும் நிலக்கரி அருங்காட்சியகமே, மின் கட்டணம் கட்டுபடியாகவில்லை என்று 2017ல் கூரையில் சூரிய மின்தகடுகளைப் போட்டுக்கொண்டது.

நிபுணர்களை விரட்டினால் அடி யார் மேல் விழும் என்பதற்கும் இதே மலைகளில் சாட்சி இருக்கிறது. சுரங்கத் தூசியால் வரும் கருநுரையீரல் நோயைக் கண்டுபிடிக்கும் மத்திய அரசின் பரிசோதனைத் திட்டம் மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் இயங்குகிறது. நடமாடும் ஊர்தியில் சுரங்க ஊர்களுக்கே போய் எக்ஸ்ரே எடுப்பார்கள். 2025 ஏப்ரலில் நடந்த ஆட்குறைப்பில் அந்தத் திட்டம் நின்றுபோனது. ஒரு சுரங்கத் தொழிலாளி வழக்குப் போட்டு, நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் ஊழியர்கள் திரும்பினார்கள். சுரங்கங்களில் சிலிக்கா தூசியைக் குறைக்கச் சொல்லும் 2024ஆம் ஆண்டின் விதியும் தள்ளிவைக்கப்பட்டது. அந்த மாதத்தில்தான் டிரம்ப் வெள்ளை மாளிகையில் ஹெல்மெட் போட்ட சுரங்கத் தொழிலாளர்களைப் பின்னால் நிற்க வைத்து நிலக்கரியைப் புகழ்ந்தார்.

தூய எரிசக்தியை ஆதரித்த தரப்பின் கையும் சுத்தமில்லை. அமெரிக்கா பல ஆண்டுகளாக இதை வளர்த்தது வரிச்சலுகை வழியாக. கூரையில் தகடு போட்டால், மின்சாரக் கார் வாங்கினால், கட்ட வேண்டிய வருமான வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. சொந்தக் கூரை வேண்டும், கழிக்கும் அளவுக்கு வரி வேண்டும், முதலில் போடக் கையில் பணம் வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் ஓட்டல் தொழிலாளிக்கு இதில் என்ன கிடைக்கும்? பெர்க்லி பொருளாதார அறிஞர்கள் இருவர் 2015ல் கணக்குப் பார்த்தபோது, இந்தத் தூய எரிசக்திச் சலுகைகளில் சுமார் 60 சதவீதம் வருமானத்தில் மேலே இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்குப் போயிருந்தது. மின்சாரக் கார் சலுகையில் 90 சதவீதம். அடிமட்டத்து ஆளின் கண்ணுக்குத் தூய எரிசக்தி என்பது டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் கார்தான். அந்தக் காட்சியை அவர் வெறுப்பதற்கு எண்ணெய் நிறுவனம் எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

1935ல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இதை வேறு விதமாகச் செய்தார். அன்று நகரங்களில் பத்தில் ஒன்பது வீட்டுக்கு மின்சாரம் இருந்தது, கிராமப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான். லாபம் வராது என்று தனியார் நிறுவனங்கள் கம்பி இழுக்க மறுத்தன. அரசு கடன் கொடுத்தது, விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் சேர்த்துத் தாங்களே கம்பி இழுத்தார்கள். 1950களின் தொடக்கத்துக்குள் கணக்கு தலைகீழாகிப் பத்தில் ஒன்பது பண்ணைக்கு விளக்கு வந்துவிட்டது. அந்தச் சங்கங்கள் இன்றும் நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் மின்சாரம் கொடுக்கின்றன, பெரும்பாலும் டிரம்புக்கு வாக்களிக்கும் ஊர்களில். நெப்ராஸ்கா அசல் குடியரசுக் கட்சி மாநிலம், ஆனால் அங்கே மின் விநியோகம் முழுக்க மக்களின் பொது உடைமை. அதை ‘சோஷலிசம்’ என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சொன்னால் பில் ஏறுமோ என்னவோ.

பைடன் காலத்தில் 2022 ஆகஸ்டில் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் இந்தப் பழைய பாதைக்குக் கொஞ்சம் திரும்பியது. சுமார் 36,900 கோடி டாலர் எரிசக்திக்கும் காலநிலைக்கும். கிராமக் கூட்டுறவுகளுக்கு 970 கோடி ஒதுக்கினார்கள். 1930களுக்குப் பிறகு அவற்றுக்கு வந்த மிகப் பெரிய உதவி அது. ஏழைக் குடும்பங்களின் சூரிய மின்சாரத்துக்குத் தனியாக 700 கோடி. தொழிற்சாலை முதலீட்டில் பெரும்பகுதி குடியரசுக் கட்சி எம்.பி.க்களின் தொகுதிகளுக்கே போனது. ஜார்ஜியாவில் கார்பெட் ஆலைகளின் ஊரான டால்டனில் கொரிய நிறுவனம் ஒன்றின் சூரியத்தகடு ஆலை விரிவடைந்தது. அந்தத் தொகுதியின் எம்.பி. அப்போது மார்ஜோரி டெய்லர் கிரீன். நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வைத்திருக்கும் ஃபர்ஸ்ட் சோலார், உள்நாட்டில் ஓஹையோவிலும் அலபாமாவிலும் ஆலைகளைப் பெருக்கியது.

இந்தச் சட்டம் எப்படி நிறைவேறியது என்பதில் அமெரிக்க ஜனநாயகத்தின் கோணல் முழுவதும் தெரியும். செனட்டில் 50க்கு 50. துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஒற்றை வாக்கில் தப்பித்தது. ஓராண்டுக்கும் மேலாக அதை இழுத்தடித்துச் சுருக்கியவர் மேற்கு வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மன்சின். செனட்டின் எரிசக்திக் குழுவுக்கு அப்போது தலைவர் அவர்தான், குடும்ப நிலக்கரி வியாபாரத்திலிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டாலர் வருமானமும் அவருக்கு இருந்தது. சுமார் 5.8 லட்சம் பேர் வாழும் வயோமிங்குக்கும் 3.9 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டு இடம். வயோமிங் நாட்டிலேயே அதிகம் நிலக்கரி வெட்டும் மாநிலம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூன்றே ஆண்டுகளில் எல்லாம் திரும்பியது, அதுவும் அதே விதத்தில். 2025ல் டிரம்ப்பின் ‘பெரிய அழகான மசோதா’ செனட்டில் 50க்கு 50 ஆகி, இந்த முறை வான்ஸின் ஒற்றை வாக்கில் நிறைவேறியது. காற்று, சூரிய மின்சாரச் சலுகைகளுக்கு முடிவு தேதி குறித்தார்கள். மின்சாரக் காருக்கான 7,500 டாலர் சலுகை செப்டம்பரோடு போனது. இந்தச் சலுகைகளை வெட்டாதீர்கள் என்று அந்த மார்ச் மாதத்தில்தான் குடியரசுக் கட்சி எம்.பி.க்கள் 21 பேர் கடிதம் எழுதியிருந்தார்கள். வாக்கெடுப்பு வந்தபோது அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆமாம் போட்டார்கள். தொகுதியில் ஆலை இருக்கிறது, ஆனால் பாப் இங்கிலிஸின் கதையும் நினைவிருக்கிறது. அந்த மசோதாவின் விளைவைக் காங்கிரஸின் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்கிட்டது: மிக ஏழ்மையான பத்து சதவீதக் குடும்பங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,200 டாலர் நஷ்டம், உச்சியில் இருக்கும் பத்து சதவீதத்துக்கு 13,600 டாலர் லாபம். ஆகஸ்டில், ஏழைகளின் சூரிய மின்சாரத்துக்கான அந்த 700 கோடியும் ரத்து.

ஆய்வாளர்கள் மீதான தாக்குதலும் கூடவே நடந்தது. தேசியக் காலநிலை மதிப்பீட்டை எழுதிக்கொண்டிருந்த சுமார் 400 பேரை ஏப்ரலில் அனுப்பிவிட்டார்கள். ரோட் ஐலண்ட் கடலில் 80 சதவீதம் முடிந்திருந்த காற்றாலைத் திட்டத்தை ஆகஸ்டில் நிறுத்தச் சொன்னார்கள். ரீகன் நியமித்த ஒரு நீதிபதி செப்டம்பரில் தடையை விலக்கினார். டெக்சாஸிலும் 2025ல் காற்று, சூரிய மின்சாரத்தை முடக்கும் மூன்று மசோதாக்கள் மாநில செனட்டைத் தாண்டின. ஆனால் கீழவையில் மூன்றும் செத்தன. குத்தகைப் பணம் வாங்கும் நில உரிமையாளர்களும், காற்றாலை வரியில் பள்ளிக்கூடம் நடத்தும் மாவட்டங்களும், மின்சாரம் போதாது என்று அலறும் தொழில் நிறுவனங்களும் எதிர்த்தன. 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் மின்சாரம் நின்று, அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தபோது, ஆளுநர் கிரெக் அபாட் தொலைக்காட்சியில் காற்றாலையைக் குறை சொன்னார். உறைந்து நின்றதில் பெரும்பங்கு இயற்கை எரிவாயு என்று விசாரணையில் தெரிந்தது. அதையும் அந்த மாநிலத்தில் பலர் மறக்கவில்லை.

அடுத்து கவனிக்க வேண்டிய இடம் ஜார்ஜியா. அங்கே மின் கட்டணத்தை முடிவு செய்யும் ஐந்து பேர் ஆணையத்தை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வோகில் அணு உலை விரிவாக்கம் ஏழு ஆண்டுகள் தாமதமாகி, 3,000 கோடி டாலரைத் தாண்டி, அந்தச் செலவும் மற்றதும் சேர்ந்து சில ஆண்டுகளுக்குள் பில்லை அடுத்தடுத்து ஏற்றின. 2025 நவம்பரில் இரண்டு இடங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, பதவியில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர்கள் இருவரையும் ஜனநாயகக் கட்சியின் அலிசியா ஜான்சனும் பீட்டர் ஹப்பர்டும் 60 சதவீதத்துக்கும் மேல் வாங்கித் தோற்கடித்தார்கள். பிரசாரம் முழுக்கக் கரண்ட் பில்லைப் பற்றி. துருவப் பனி, வெப்பநிலை வரைபடம் எதுவும் மேடைக்கு வரவில்லை. ஹப்பர்ட் சூரிய மின்சாரமும் பேட்டரியும் எரிவாயுவைவிட மலிவு என்று கணக்குப் போட்டே வாக்குக் கேட்டவர்.

அவர்கள் பதவியேற்பதற்குச் சில நாட்கள் முன்பு, டிசம்பர் 19 அன்று, பழைய ஆணையம் கூடியது. பெரும்பாலும் டேட்டா சென்டர்களுக்காக, ஏறத்தாழ 10,000 மெகாவாட் புது மின்சாரத்துக்கு ஜார்ஜியா பவர் நிறுவனம் கேட்டிருந்த அனுமதியை ஐந்து பேரும் ஒரே குரலில் கொடுத்தார்கள். தோற்றுப்போன இருவரும் அதில் வாக்களித்தார்கள். அனுமதி பெற்ற மின்சாரத்தில் பெரும்பகுதி எரிவாயு. ஆணையத்தில் இப்போது குடியரசுக் கட்சிக்கு மூன்று, ஜனநாயகக் கட்சிக்கு இரண்டு. 2026 நவம்பரில் இரண்டு இடங்களுக்குத் தேர்தல், அதில் ஒன்று ஹப்பர்டின் இடம்.